திறந்ததற்கு மட்டுமே சாட்சி

ஓரளவு பெரிய நிறுவனம் எதன் அறிக்கை சர்வரைப் பார்த்தாலும் 'மாத விற்பனை', 'மாத விற்பனை புதியது', 'மாத விற்பனை இறுதி', 'மாத விற்பனை இறுதி ஆடிட்டுக்கு' என்று ஒரே கணக்கு நாலு பெயரில் இருக்கும். யார் கேட்டுச் செய்தது, கேட்டவர் இன்னும் அங்கே வேலை பார்க்கிறாரா என்று எவருக்கும் உறுதியாகத் தெரியாது. பழைய சர்வரை மூடிவிட்டுப் புதிய மென்பொருளுக்கு மாறும் நாள் வரும்போது இந்தக் கேள்வி பணமாகிவிடுகிறது. ஒவ்வொரு அறிக்கையையும் திரும்ப எழுத ஆள் வேண்டும், நாள் வேண்டும். சென்னை ஓஎம்ஆரில் வெளிநாட்டு நிறுவனங்களுக்காக இந்த மாற்று வேலையைச் செய்யும் குழுக்களுக்கு இது அன்றாடப் பாடு. எதையாவது நீக்கலாம் என்று ஒருவர் சொன்னால், "யாராவது பார்த்துக்கிட்டிருப்பாங்க, விட்டுடுங்க" என்று இன்னொருவர் தடுப்பார்.

அந்த 'யாராவது' யார் என்று சொல்லத்தான் பயன்பாட்டுப் பதிவு இருக்கிறது. பவர் பிஐ, டாப்ளோ, லுக்கர், பழைய எஸ்எஸ்ஆர்எஸ் என எல்லா அறிக்கைக் கருவிகளும் யார், எப்போது, எதைத் திறந்தார் என்று எழுதி வைக்கின்றன. நிர்வாகங்கள் அதை வைத்து மூன்று வகை முடிவுகளை எடுக்கின்றன: எந்த அறிக்கையை மூடுவது, யாருடைய லைசென்ஸைத் திரும்பப் பெறுவது, அறிக்கை தயாரிக்கும் குழு நன்றாக வேலை செய்கிறதா இல்லையா. மூன்றுக்கும் ஒரே எண்ணைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அந்த எண் மூன்றையும் தாங்குமா என்பதுதான் என் கேள்வி.

முதலில் பதிவில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எஸ்எஸ்ஆர்எஸ் 2004-இல் வெளிவந்த கருவி. அதன் தரவுத்தளத்தில் எக்ஸிகியூஷன்லாக்3 என்ற பெயரில் ஒரு வியூ உண்டு. அதிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துப் படித்தால் போதும். அறிக்கை எந்த ஃபோல்டரில் இருக்கிறது, ஓட்டிய பயனர் யார், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, தரவை எடுத்துவர எத்தனை மில்லிவிநாடி, அதைக் கணக்கிட எத்தனை, பக்கமாக வரைய எத்தனை, மொத்தம் எத்தனை வரிகள் வந்தன, திரையில் பார்த்தாரா, பிடிஎஃப் ஆக்கினாரா, எக்செலாக இறக்கினாரா என்று எல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருக்கும். 'ரிக்வெஸ்ட்டைப்' என்ற பத்தி, மனிதர் திறந்ததா, சந்தாவில் தானாக ஓடியதா என்று பிரித்துக் காட்டும். இதைவிட முக்கியமானது 'பாராமீட்டர்ஸ்' என்ற பத்தி. எந்தக் கிளை, எந்த மாதம் என்று கொடுத்து ஓட்டினார் என்பது அதில் அப்படியே நிற்கும். ஒரு அறிக்கையை இருபது கிளைகளுக்கும் செய்து கொடுத்தோம், மதுரைக்கு மட்டும்தான் யாரோ ஓட்டுகிறார்கள் என்று அதிலிருந்து சொல்லிவிடலாம்.

2015-இல் பொதுவெளிக்கு வந்த பவர் பிஐயின் நடவடிக்கைப் பதிவு பல வகையில் விரிவானது. திறந்தது, பகிர்ந்தது, அச்சிட்டது, தரவை வெளியே இறக்கியது என்று ஒவ்வொன்றும் தனி நிகழ்வாகப் பதிவாகிறது. ஆனால் அறிக்கைக்குள் போன பிறகு எந்த வடிகட்டியை அழுத்தி எந்தக் கிளையைப் பார்த்தார் என்பது அதில் இல்லை. திரை அழகாகி, பயனருக்குச் சுதந்திரம் கூடியபோது, அவர் என்ன கேட்டார் என்ற செய்தி பதிவிலிருந்து நழுவிவிட்டது. கருவி மாற்றத்தைப் பற்றி எழுதுபவர்கள் இந்த இழப்பைக் கவனிப்பதே இல்லை. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. ஒரு அறிக்கையின் பயன் அதில் கேட்கப்பட்ட கேள்வியில் இருக்கிறது. கேள்வி பதிவாகாதபோது திறப்புகளின் எண்ணிக்கை மட்டுமே கையில் எஞ்சுகிறது.

அந்த எண்ணிக்கையும் ஒன்றல்ல. பவர் பிஐ தரும் பயன்பாட்டு அறிக்கையில் 'அறிக்கை திறப்பு' என்று ஒரு எண்ணும் 'பக்கப் பார்வை' என்று இன்னொரு எண்ணும் வரும். முன்னது சர்வர் பக்கத்தில் எண்ணப்படுவது, பின்னது பயனரின் உலாவியிலிருந்து வந்து சேர்வது. உலாவியில் விளம்பரத் தடுப்பான் இருந்தாலோ, அலுவலக நெட்வொர்க் அந்தச் செய்தியை மறித்தாலோ இரண்டாவது எண் குறைந்துவிடும். பல பக்கங்கள் உள்ள அறிக்கையில் பார்வை திறப்பைவிடக் கூடத்தான் வேண்டும். குறைந்திருக்கிறதென்றால் மனிதர்களைக் காட்டிலும் நெட்வொர்க்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மேலாளர்களுக்குப் போகும் ஸ்லைடில் இந்த இரண்டு எண்களையும் கலந்து 'பார்வைகள்' என்று ஒரே தலைப்பில் போட்டுவிடுகிறார்கள்.

எண் சரியாகவே இருந்தாலும் அது சொல்வது குறைவு. திங்கட்கிழமை காலை ரிவ்யூ மீட்டிங்கில் ஒருவர் தன் லேப்டாப்பில் அறிக்கையைத் திறந்து புரொஜெக்டரில் காட்டுகிறார். பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதைப் பார்த்துத்தான் அந்த வாரத்துக்கான சரக்கு ஒதுக்கீட்டைத் தீர்மானிக்கிறார்கள். பதிவில் ஒரு திறப்பு. அதே நாளில் கணக்குப் பிரிவில் ஒருவர் நேற்றைய வரவு இன்னும் ஏறவில்லையே என்று வேறொரு அறிக்கையின் ஒரே பக்கத்தை நாற்பது முறை புதுப்பித்துப் பார்க்கிறார். பதிவில் அவர்தான் தீவிரப் பயனர். முதல் அறிக்கை தன் வேலையைச் செய்தது, இரண்டாவது செய்யவில்லை. எண்களோ தலைகீழாக நிற்கின்றன. தொழிற்சாலைத் தளத்தில் சுவரில் மாட்டிய டிவி நாள் முழுக்க ஒரே பொது ஐடியில் டாஷ்போர்டைக் காட்டிக்கொண்டிருப்பதையும், தயாரித்தவரே சோதிக்கத் திறந்து பார்ப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். அதிகம் திறக்கப்படாத அறிக்கைகளில் இந்தச் சோதனைத் திறப்புகளே பெரும்பங்காக இருந்துவிடும்.

ஆகவே அதிகம் என்ற எண் எதையும் நிரூபிக்காது. பூஜ்யமாவது நிரூபிக்குமா? பதிவை ஆதரிப்பவர்களின் மிக வலுவான வாதம் இதுதான்: எத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்று சொல்ல முடியாவிட்டாலும், யாருமே தொடவில்லை என்று உறுதியாகச் சொல்லலாமே என்கிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி எத்தனை நாள் பதிவை வைத்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது.

ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-9-ஐ எடுத்துக்கொள்வோம். மார்ச் 31-இல் முடியும் நிதியாண்டுக்கு அதைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் அடுத்து வரும் டிசம்பர் 31. அதற்காகக் கொள்முதல் வரிக் கணக்கைச் சரிபார்க்கும் அறிக்கை ஒன்று இருந்தால், அது டிசம்பரில் இரவு பகலாக ஓடும். மற்ற மாதங்களில் அதை யாரும் நினைக்கக்கூட மாட்டார்கள். இப்போது ஆகஸ்ட் கடைசியில் ஒரு துப்புரவுக் குழு உட்கார்ந்து பதிவைப் பார்க்கிறது என்று வையுங்கள். பவர் பிஐயின் பயன்பாட்டு அறிக்கை கடைசி 30 நாளைத்தான் காட்டும். எஸ்எஸ்ஆர்எஸ் யாரும் அமைப்பை மாற்றாதவரை 60 நாள் வைத்திருக்கும். லுக்கரின் வரலாறு 90 நாள். டாப்ளோ சர்வரின் நிகழ்வு வரலாறு மாற்றாமல் விட்டால் 183 நாள். இருப்பதில் நீளமான அந்த 183 நாளும் மார்ச் முதல் தேதியோடு நின்றுவிடுகிறது. டிசம்பரை எட்டும் பதிவு இவற்றில் ஒன்றுகூட இல்லை. செப்டம்பர் வருமானவரித் தணிக்கை, மார்ச் கடைசிச் சரக்கிருப்பு எடுப்பு, போனஸ் கணக்கு எல்லாம் இதே வகை. துப்புரவு எந்த மாதத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்து, நிறுவனத்தின் ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலைகள் எதுவும் இந்தப் பதிவுகளின் கண்ணுக்கு வெளியே போய்விடலாம். அபராதமும் நோட்டீஸும் வரும் வேலைகள் பெரும்பாலும் இவைதான்.

கருவி விற்பவர்களின் மேல் மட்டும் பழி போட்டு இதைக் கடந்துவிட முடியாது. பவர் பிஐயின் நடவடிக்கைப் பதிவும் ஏறக்குறைய ஒரு மாதம்தான் தங்கும் என்றாலும், அதை ஒவ்வொரு நாளாக எடுத்துத் தனியே சேமித்துக்கொள்ள பவர்ஷெல் கட்டளையும் ஏபிஐயும் தந்திருக்கிறார்கள். இரவில் ஓடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று போதும். பதிவை நம்பி முடிவெடுக்கும் நிறுவனம் பதின்மூன்று மாதமாவது அப்படிச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். ஓர் ஆண்டு முழுதும், அதன்மேல் தாமதத்துக்கு ஒரு மாதமும். அது இல்லாமல் 'யாரும் பார்க்கவில்லை' என்று சொல்பவர், போன மாதம் யாரும் பார்க்கவில்லை என்பதை மட்டுமே சொல்கிறார்.

பூஜ்யத்துக்குள் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. பவர் பிஐயில் அறிக்கை வேறு, அதன் அடியில் இருக்கும் தரவு மாதிரி வேறு. அறிக்கையை ஒருவரும் திறக்காமல் இருக்கலாம். அதே மாதிரியோடு எக்செலை இணைத்து நாலு பேர் தினமும் வேலை செய்துகொண்டிருக்கலாம். அந்த இணைப்பு வேறு பெயருள்ள நிகழ்வாகப் பதிவாகும். அறிக்கைத் திறப்பை மட்டும் எண்ணிவிட்டு மாதிரியையும் சேர்த்து அழித்தால், மறுநாள் காலை அந்த நாலு எக்செலும் நின்றுபோகும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, இந்தப் பதிவில் நான் மிகவும் மதிக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். திறப்புகளின் எண்ணிக்கை ஒட்டிய பட்டியலை ஒதுக்கிவிட்டு, தரவை எக்செலுக்கு இறக்கிய நிகழ்வுகளை மட்டும் பிரித்தெடுங்கள். பெயர், நாள், நேரம் வாரியாக அடுக்குங்கள். சில நிமிடங்களில் ஒரு ஒழுங்கு தெரியும். ஒரே நபர், ஒரே அறிக்கை, தினமும் காலை ஒன்பதரைக்கு ஒரு இறக்கம். ஞாயிறு இல்லை, பண்டிகை நாளில் இல்லை. அவரிடம் போய் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் பதில் வழக்கமாக இப்படி இருக்கும்: இந்த அறிக்கையில் டீலரின் விற்பனை இருக்கிறது, நிலுவை இல்லை. நிலுவை டாலியில் இருக்கிறது. இரண்டையும் எக்செலில் விலுக்கப் (VLOOKUP) போட்டு ஒட்டி, பாக்கி அதிகமுள்ள டீலர்களுக்கு மஞ்சள் அடித்து, மண்டல மேலாளர்களுக்கு மெயிலிலும் வாட்ஸாப்பிலும் அனுப்பிவிடுவேன்.

இந்தப் பதிலுக்குள் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. ஒன்று, பதிவில் ஒரே ஒரு பயனர் உள்ள அந்த அறிக்கையை வைத்துத்தான் ஒரு மண்டலமே சரக்கு அனுப்புவதா நிறுத்துவதா என்று தீர்மானிக்கிறது. எண்ணிக்கைப் பட்டியலில் அது அடியில் கிடக்கும், முதலில் வெட்டுப்படும். இரண்டு, அந்த அறிக்கை தன் வேலையைப் பாதியில் விட்டிருக்கிறது. நிலுவைக்கு ஒரு பத்தி சேர்த்திருந்தால் அந்த மனிதரின் காலை நேரம் மிச்சமாகியிருக்கும், நிறுவனத்தின் கடன் விவரம் கட்டுப்பாடில்லாத வாட்ஸாப் குழுக்களில் சுற்றாமல் இருந்திருக்கும். பவர் பிஐ ஒரு காட்சியிலிருந்து எக்செலுக்கு அதிகபட்சம் 1,50,000 வரிகளை இறக்க விடுகிறது. அவ்வளவும் சர்வரை விட்டு வெளியேறிய பிறகு எங்கே போயிற்று என்று எந்தப் பதிவும் சொல்லாது. ஆனால் வெளியேறிய வாசல் எது, எந்த மணிக்கு என்பது தெளிவாக இருக்கிறது. அறிக்கைக் குழுவுக்கு இதைவிட நல்ல வேலைப் பட்டியல் வேறு எங்கிருந்தும் கிடைக்காது. திரும்பத் திரும்ப நடக்கும் இறக்கம் என்பது பயனர் எழுதாமல் விட்ட கோரிக்கை. பயன்பாட்டுப் பதிவு வைத்திருப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும் என்பது என் கணிப்பு.

லைசென்ஸ் விஷயத்தில் அதிகம் தயங்க வேண்டியதில்லை. பவர் பிஐ புரோவின் பட்டியல் விலை 2025 ஏப்ரலில் தலைக்கு மாதம் 10 டாலரிலிருந்து 14 டாலர் ஆயிற்று. இருநூறு பேர் தொடாமல் வைத்திருந்தால் ஆண்டுக்கு 33,600 டாலர். மூன்று மாதம் உள்ளே வராதவரிடமிருந்து திரும்பப் பெறலாம். அவர் மகப்பேறு விடுப்பில் இருந்திருந்தாலும் வேறு வேலையில் இருந்திருந்தாலும், திரும்ப வந்து கேட்டால் அதே நாளில் கொடுத்துவிடலாம். தவறு நடந்தாலும் அதன் சேதம் ஒரு நாள்தான்.

இங்கேதான் மூன்று முடிவுகளையும் பிரிக்கும் கோடு தெரிகிறது. ஆதாரம் ஒன்றேதான், அது பலவீனமானதும்கூட. திருப்பிச் சரிசெய்யக்கூடிய முடிவுக்குப் பலவீனமான ஆதாரம் போதும். லைசென்ஸ் அந்த வகை. அறிக்கையை அழிப்பது அந்த வகை அல்ல. ஆனால் அதையும் அந்த வகையாக மாற்ற முடியும் என்பதற்கு பவர் பிஐக்குள்ளேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஒரு தரவு மாதிரியின் மேல் கட்டிய அறிக்கையையோ டாஷ்போர்டையோ இரண்டு மாதம் யாரும் திறக்காவிட்டால், அதன் தானியங்கிப் புதுப்பிப்பை மென்பொருளே நிறுத்திவைத்து உரிமையாளருக்கு மெயில் அனுப்புகிறது. அழிப்பதில்லை. யாராவது வந்து கேட்டால் மறுபடி ஓடவிடலாம். பார்ப்பதற்கு ஆளில்லாமல் நாளைக்கு எட்டு முறை புதுப்பித்து சர்வரைச் சுமக்கவைப்பதும் இல்லை, டிசம்பர் மாத அறிக்கையைக் கொன்றுவிடுவதும் இல்லை. அறிக்கை நீக்கத்தில் நிறுவனங்கள் பின்பற்ற வேண்டிய நடைமுறை இதுதான்: பதிவைப் பார்த்து நிறுத்திவை, உரிமையாளருக்குச் சொல், ஒரு நிதியாண்டு முழுதும் கடந்த பிறகு அழி. பதிவு சந்தேகத்தைக் கிளப்பட்டும். தீர்ப்பை அந்த அறிக்கைக்குச் சொந்தக்காரர் சொல்லட்டும்.

மூன்றாவது முடிவில் எனக்குச் சமரசம் இல்லை. திறப்பு எண்ணிக்கையை வைத்து அறிக்கைக் குழுவின் வேலையை அளக்கக் கூடாது. ஒரு கெட்டிக்கார ஊழியர் சிதறிக் கிடந்த நாலு அறிக்கைகளை ஒன்றாக்கி, மேலாளர் ஒரே பக்கத்தில் பார்க்கும்படி செய்தால் திறப்புகள் நாலில் ஒன்றாகக் குறையும். ஒன்றை நாலாக உடைத்தவருக்கு நாலு மடங்காகும். எல்லை தாண்டினால் மட்டும் எச்சரிக்கை மெயில் வரும்படி ஒருவர் அமைத்தால், அறிக்கையைத் திறக்க வேண்டிய தேவையே போய்விடும். அவர் செய்தது மிக உயர்ந்த வேலை, அவர் பெயருக்கு நேரே பூஜ்யம். நல்ல வேலைக்குத் தண்டனையும் மோசமான வேலைக்குப் பரிசும் தரும் அளவுகோலை மேம்படுத்திப் பயனில்லை. அதை ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்.

கடைசியாக, இதில் அதிகம் பேசப்படாத ஆட்கள்: பார்ப்பவர்கள். பவர் பிஐயின் பயன்பாட்டு அறிக்கை, யார் எத்தனை முறை பார்த்தார் என்று அறிக்கையைத் தயாரித்தவருக்குப் பெயரோடு காட்டும். நிர்வாகி அணைக்காதவரை அப்படித்தான் இருக்கும். பவர் பிஐயை உருவாக்கிய இதே மைக்ரோசாப்ட் 2020-இல் 'புரொடக்டிவிட்டி ஸ்கோர்' என்ற வசதியை வெளியிட்டு, ஊழியர்களைப் பெயர் சொல்லி உளவு பார்ப்பதாக எழுந்த கண்டனத்துக்குப் பிறகு அந்த ஆண்டு டிசம்பரில் தனிநபர் பெயர்களை அதிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. 2021 செப்டம்பர் முதல் மைக்ரோசாப்ட் 365-இன் பயன்பாட்டு அறிக்கைகளில் பெயர்கள் மறைந்திருப்பதே இயல்புநிலை ஆயிற்று. மெயிலுக்கும் டீம்ஸுக்கும் ஒரு நியாயம், அறிக்கைக்கு இன்னொரு நியாயமா? ஜெர்மனியில் 1972-ஆம் ஆண்டின் நிறுவன அமைப்புச் சட்டம், ஊழியரின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கக்கூடிய தொழில்நுட்பக் கருவி எதையும் ஊழியர் மன்றத்தின் ஒப்புதலோடுதான் கொண்டுவர வேண்டும் என்கிறது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்காக ஊழியரின் தரவை அவர் சம்மதம் கேட்காமலே கையாள நிறுவனத்துக்கு வழி விடுகிறது. அதனால் இங்கே கட்டுப்பாடு நிறுவனத்துக்குள்ளிருந்துதான் வர வேண்டும்.

பெயர் தெரிந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. சம்பள உயர்வுப் பட்டியலையோ ஆட்குறைப்புக் கணக்கையோ யார் எத்தனை முறை திறந்தார் என்று இன்னொரு துறைக்காரருக்குத் தெரிவது அலுவலகத்தில் சின்ன விஷயம் அல்ல. இன்னொரு விளைவும் உண்டு. தான் பார்ப்பது எண்ணப்படுகிறது என்று தெரிந்த ஊழியர் பார்ப்பதை நிறுத்த மாட்டார், ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டு எக்செலில் பார்ப்பார். பதிவு தன் கண்ணையே குத்திக்கொள்ளும். தரவு கசிந்தது என்று விசாரணை வரும்போது பெயர் கட்டாயம் வேண்டும், அதற்காகப் பெயருள்ள முழுப் பதிவும் பாதுகாப்புக் குழுவிடம் இருக்கட்டும். தினமும் காலையில் இறக்குபவரைத் தேடிப் போக வேண்டுமென்றால் அறிக்கைக் குழு அவர்கள் வழியாக, காரணம் சொல்லிக் கேட்டுப் பெறட்டும். அறிக்கை தயாரிப்பவர்களுக்கு எத்தனை பேர், எந்தப் பிரிவிலிருந்து என்பது போதும். அந்தப் பெயர் காட்டும் அமைப்பு நிர்வாகியின் பக்கத்தில் ஒரு சுவிட்ச்தான், பயன்பாட்டு அளவீட்டுப் பகுதியில் இருக்கிறது. அதை அணைத்துவிட்டுத்தான் மற்ற எண்களைப் பற்றிப் பேச வேண்டும்.